சித்திரை விண்மீன் நகர்ந்த தூரம்: அயனசலனம் பற்றிய அறிவின் வரலாறு

முன்னுரை

விண்மீன்களின் இருவகைப் பெயர்ச்சியை வெறுங்கண்ணாலேயே காணலாம். ஒவ்வோர் இரவும் அவை கிழக்கே எழுந்து மேற்கே சாய்கின்றன. இது புவியின் தற்சுழற்சியால் விளைவது. நாளுக்குச் சுமார் 4 நிமிடம் முன்னதாக எழுவதால், மாலை வானில் தென்படும் உடுத்தொகுதிகள் மாதந்தோறும் மாறுகின்றன. இது புவி சூரியனைச் சுற்றுவதால் விளைவது. அயனசலனம் என்னும் மூன்றாவது பெயர்ச்சி ஒன்றும் உண்டு. ஒரு மனித ஆயுளில் ஏறத்தாழ ஒரு பாகையே நிகழும் அதனை மனிதர் அறிந்துகொண்ட வரலாற்றை, கன்னி உடுத்தொகுதியின் ஒளிமிக்க விண்மீனான சித்திரையை அளவுகோலாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. கருவிகளின் நுட்பத்தைவிட, தலைமுறை தாண்டிக் காக்கப்பட்ட பதிவுகளே இக்கண்டுபிடிப்புக்கு வழிவகுத்தன என்பது இதன் முடிபு.

இரண்டு கிரேக்க அளவீடுகள்

கி.மு. 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலெக்சாந்திரியாவில் வானியலாளர் டைமோகாரிஸ் சித்திரையின் இடத்தைப் பதிந்துவைத்தார். அது, சூரியன் வான நடுக்கோட்டைக் கடக்கும் இடமான இலையுதிர்கால விஷுவப் புள்ளிக்கு 8 பாகை மேற்கே இருந்தது. சுமார் ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் ஹிப்பார்க்கஸ் அளந்தபோது இடைவெளி 6 பாகையாகக் குறைந்திருந்தது.

அவர் அளந்த முறை கவனத்துக்குரியது. விஷுவப் புள்ளியில் கண்டுகொள்ள எந்த அடையாளமும் இல்லை. சூரியனிலிருந்து நேரடியாக அளக்கலாமென்றால் பகலில் விண்மீன் தெரியாது. எனவே அவர் சந்திர கிரகணத்தைப் பயன்படுத்தினார். கிரகணத்தின் நடுவில் நிலவு சூரியனுக்கு நேரெதிரே, 180 பாகையில் நிற்கும். சூரியன் அன்று எங்கே இருக்கும் என்பதைக் கணக்கால் அறியலாம். அதிலிருந்து நிலவின் இடமும் கிடைத்துவிடும். மீதி வேலை, நிலவுக்கும் சித்திரைக்கும் உள்ள தொலைவை அளப்பது மட்டுமே.

பெயர்ச்சி நூற்றாண்டுக்கு ஒரு பாகைக்குக் குறையாது என்றார் ஹிப்பார்க்கஸ். அந்தக் கீழெல்லையையே உண்மை அளவாகத் தாலமி தமது அல்மஜெஸ்ட் நூலில் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ஏற்றார். ஹிப்பார்க்கஸின் மூல நூல் கிடைக்காத நிலையில், இந்த அளவீடுகளை நாம் அறிவதும் தாலமி வழியாகவே.

இந்திய, அரபு மரபுகள்

முன்பு ஆயிலியத்தின் நடுவில் நிகழ்ந்த அயனத் திருப்பம் தம் காலத்தில் புனர்பூசத்துக்கு வந்துவிட்டதை 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் குறித்தார். பழைய நூல் சொன்னதையும் கண்முன் நிகழ்வதையும் ஒப்பிட்டே அவரும் இதைக் கண்டார். இன்று வழங்கும் சூரிய சித்தாந்தம் ஆண்டுக்கு 54 விகலை (வில்நொடி) என்ற அளவைத் தருகிறது. உண்மை அளவாகிய சுமார் 50.3 விகலைக்கு இது தாலமியின் 36 விகலையைவிட மிக நெருக்கமானது. ஆனால் பெயர்ச்சி ஒரே திசையில் தொடராமல் இருபுறமும் 27 பாகை ஊசலாடும் என்று அந்நூல் கருதியது. அரபு வானியலாளர் அல்-பட்டானி, 66 ஆண்டுக்கு ஒரு பாகை என்று தாலமியின் கணக்கைத் திருத்தினார்.

காரணம் தெளிதல்

இடம்பெயர்வது விண்மீன்கள் அல்ல, புவியின் அச்சே திசை மாறுகிறது என்று 1543இல் கோப்பர்னிக்கஸ் விளக்கினார். அது ஏன் மாறுகிறது என்பதை 1687இல் நியூட்டன் காட்டினார்: நடுக்கோட்டில் பருத்திருக்கும் புவியைச் சூரியனும் நிலவும் ஈர்ப்பதே காரணம். அச்சு ஒரு சுற்று முடிக்கச் சுமார் 25,800 ஆண்டுகள் ஆகும். 1718இல் எட்மண்ட் ஹாலி, பண்டைய பதிவுகளோடு ஒப்பிட்டு, சில விண்மீன்கள் தாமாகவும் நகர்ந்துள்ளன என்று நிறுவினார். ஆகவே உடுத்தொகுதிகளின் வடிவமும் நிரந்தரமன்று.

இன்று சித்திரை அதே விஷுவப் புள்ளிக்குச் சுமார் 24 பாகை கிழக்கே உள்ளது. டைமோகாரிஸின் 8 பாகையையும் கூட்டினால் மொத்தம் 32 பாகை. கடந்த காலம் ஏறத்தாழ 2,300 ஆண்டுகள். வகுத்தால் ஒரு பாகைக்கு 72 ஆண்டு. இன்றைய அளவும் அதுவே.

நாட்காட்டியில் இதன் விளைவு

விண்மீன்களை ஆதாரமாகக் கொண்ட நிராயன முறையில் தமிழ் மாதங்கள் அமைகின்றன. இம்முறையின் தொடக்கப் புள்ளிக்கும் விஷுவப் புள்ளிக்கும் உள்ள இடைவெளியே அயனாம்சம். பரவலாக வழங்கும் அயனாம்சம் சித்திரை விண்மீனையே 180 பாகையில் நிறுத்துகிறது. மேற்கண்ட 24 பாகையைக் கடக்கச் சூரியனுக்கு ஏறத்தாழ 24 நாள் ஆகும். மார்ச் 20 அல்லது 21இல் விஷுவம் நிகழ்ந்தும் ஏப்ரல் 14 அளவில்தான் சித்திரை மாதம் பிறப்பது இதனால்தான். இயற்பியலாளர் மேகநாத் சாகா தலைமையிலான நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு, விஷுவத்தை ஒட்டி ஆண்டு தொடங்கும் தேசிய நாட்காட்டியைப் பரிந்துரைத்தது. அது 1957 மார்ச் 22 முதல் நடைமுறைக்கு வந்தது. பஞ்சாங்கங்கள் பழைய முறையிலேயே தொடர்கின்றன.

முடிவுரை

எந்த முறையைக் கைக்கொள்வது என்பது சமூகத்தின் விருப்பம். ஆனால் நிராயனத் தேதிகள் சுமார் 71 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் பருவங்களைவிட்டு விலகுகின்றன என்பது கணக்கு. அதில் விருப்பத்துக்கு இடமில்லை. சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22இல். மரபாகக் கொள்ளப்படும் தை முதல் நாளில் அன்று.