சோதனைக்கும் சந்தைக்கும் இடையே: ஆல்பிரட் சாட்டர்டனின் தொழில் முயற்சிகளும் 1910-ஆம் ஆண்டு ஆணையும்

ஆய்வுச்சுருக்கம்

கல்வி நிறுவனத்தில் உருவான தொழில்நுட்ப அறிவு தொழிற்சாலையைச் சென்றடைவதற்கு இடையில் ஒரு கட்டம் உண்டு. சந்தை அளவில் உற்பத்தி செய்து, விற்றுப் பார்த்து, ஆதாயம் கிட்டுமா என்று மெய்ப்பிக்கும் கட்டம் அது. அதன் இழப்பை ஏற்பவர் யார் என்ற வினா, சென்னை மாகாணத்திலும் மைசூர் அரசிலும் 1898 முதல் 1918 வரை நடந்த மூன்று முயற்சிகளின் வழி இங்கு ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: சாட்டர்டன், குரோம் பதனிடல், மார்லி ஆணை, இந்திய அறிவியல் கழகம், சந்தன எண்ணெய்.

முன்னுரை

பல்கலைக்கழகமும் தொழில்துறையும் இணைந்து செயல்படுதல் அண்மைக்காலக் கொள்கை ஆவணங்களில் புதிய சிந்தனைபோல் பேசப்படுகிறது. சென்னையில் அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அக்காலச் சென்னைப் பல்கலைக்கழகம் பெரும்பாலும் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்பாகவே இருந்தது. ஆகவே ஆய்வும் பயிற்சியும் தொழிலைத் தொட்ட இடங்களை அதன் செனட் மண்டபத்தில் தேடுவதில் பயனில்லை. பொறியியற் கல்லூரியிலும், 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய கலைத்தொழிற் பள்ளியிலும் அவற்றைக் காணலாம். இவ்விரு நிறுவனங்களையும் இணைத்தவர், 1888-இல் பொறியியற் பேராசிரியராகச் சென்னைக்கு வந்த ஆல்பிரட் சாட்டர்டன்.

அலுமினியம்

1886-இல் கண்டறியப்பட்ட மின்பகுப்பு முறையால் அலுமினியத்தின் விலை சில ஆண்டுகளில் பெரிதும் சரிந்தது. அந்த உலோகத்தைக் கொண்டு பாத்திரம் செய்யும் பணியைக் கலைத்தொழிற் பள்ளியில் 1898-இல் சாட்டர்டன் தொடங்கினார். செம்பும் பித்தளையும் பழகிய கைகளுக்கு இப்புதிய உலோகத்தின் இயல்பு பழக்கமாக வேண்டியிருந்தது. வாங்குவோருக்கும் அதன்மீது நம்பிக்கை பிறக்க வேண்டியிருந்தது. இரண்டும் ஒருங்கே நடந்தன. பயிற்சிக்காகச் செய்த பொருள்கள் விலைக்குப் போயின. 1903-இல் அப்பிரிவு இந்தியன் அலுமினியம் கம்பெனியிடம் விற்கப்பட்டது. முன்னோடி முயற்சியை அரசு செய்து, அது நிலைபெற்றதும் தனியாரிடம் ஒப்படைத்து விலகும் முறைக்கு இது தெளிவான எடுத்துக்காட்டு. இதில் எவரும் பெரிதாகக் குறை காணவில்லை. ஏனெனில் எவருடைய வாணிகமும் இதனால் குலையவில்லை.

குரோம் தோல்

தோல் பதனிடலில் நிலைமை வேறு. சென்னை மாகாணத்தில் ஆவாரம்பட்டை கொண்டு பதனிடும் முறை வேரூன்றியிருந்தது. அவ்வாறு பாதி பதப்பட்ட தோல் இலண்டன் சந்தைக்குச் சென்று அங்கே முழுமை பெற்றது. 1884-இல் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ், 1893-இல் மார்ட்டின் டென்னிஸ் ஆகியோர் பெற்ற காப்புரிமைகளின் வழி அமெரிக்காவில் குரோமிய உப்புகளால் பதனிடும் முறை பரவியது. வாரக்கணக்கில் நடந்த வேலை நாட்கணக்கில் முடிந்தது. அமெரிக்க ஆலைகள் பதனிடாத ஆட்டுத்தோலையே நேரடியாகக் கேட்டன. பச்சைத்தோல் கப்பலேறினால் இங்குள்ள பதனிடும் தொட்டிகளுக்கு வேலை குறையும். வேறொரு நாட்டின் ஆய்வகத்தில் தோன்றிய அறிவு, அதனைக் கல்லாத ஊரின் பிழைப்பைக் குலைத்த நிகழ்வு இது.

1903-இல் குரோம் பதனிடல் சோதனைகளைத் தொடங்கிய சாட்டர்டன், முதலில் தேர்ந்துகொண்ட பொருள்களுள் ஒன்று கவலை இறைக்கும் தோற்சால். இத்தேர்வு கவனிக்கத்தக்கது. பட்டையால் பதனிட்ட தோல் ஓயாது நீரில் நனைந்தால் விரைவில் கெடும். குரோம் தோலோ நீரைத் தாங்கும். கிணற்றுப் பாசனம் நம்பியிருந்த மாகாணத்தில் இதன் பயனை உழவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை, கிணற்றடியில் ஒரு பருவம் போதும். புதுநுட்பத்தை ஆடம்பரப் பொருளில் காட்டாமல் அன்றாடக் கருவியில் காட்டியதே சாட்டர்டனின் நுண்ணறிவு என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. அத்தோற்சால்களைச் செய்த தொழிலாளர்களின் கைத்திறன் இம்முயற்சியில் பாதி. எனினும் அலுவலர் பெயராலேயே இவ்வரலாறு சொல்லப்பட்டு வந்துள்ளது.

பாதி பதனிட்ட தோல் ஏற்றுமதியில் நிலையான வருவாய் கண்டவர்கள், வேதியியலறிவும் எந்திரமும் மிகுதியாக வேண்டும் புதிய முறைக்கு மாற விரைந்திருக்கக் காரணமில்லை. எனவே செய்முறையைக் கற்பித்தல் மட்டும் போதுமானதன்று. ஆதாயத்தைக் கணக்கில் காட்டவும் வேண்டியிருந்தது. அதற்கு அரசே தொழிற்சாலை நடத்தி விற்க வேண்டும். சிக்கல் எழுந்தது அவ்விடத்திலேயே.

மார்லியின் ஆணை

1908-இல் உதகமண்டலத்தில் கூடிய தொழில் மாநாட்டையடுத்து, சாட்டர்டனின் பொறுப்பில் தனித் தொழில்துறை உருவாயிற்று. அரசு வணிகத்தில் இறங்குவதாக ஐரோப்பிய வணிகர்கள் எதிர்த்தனர். இந்தியாவுக்கான அமைச்சர் மார்லி 1910 ஜூலை 29 நாளிட்ட மடலில் சென்னை அரசின் கொள்கையை ஏற்க மறுத்தார். மக்களுக்குப் புதிய செய்முறைகளைக் கற்பிக்க அரசுப்பணத்தைச் செலவிடலாம். அவை வணிக அளவில் ஆதாயம் தருமா என்று காட்டுவது தனியார் பொறுப்பு என்பது அவர் நிலைப்பாட்டின் சாரம். தடையற்ற வாணிகக் கொள்கையில் ஊறிய தாராளவாதியிடமிருந்து வேறு விடையை எதிர்பார்த்திருக்க இயலாது. குரோம் தொழிற்சாலை விற்கப்பட்டது. சேலத்தில் நடந்த நெசவுத் தொழிற்சாலை மூடப்பட்டது. சென்னையில் தொழில்துறை மீண்டும் உயிர்பெற 1914 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஆணை அறிவைத் தடை செய்யவில்லை என்பது நுட்பமாக நோக்கத்தக்கது. பள்ளி இருக்கலாம், பாடம் இருக்கலாம், சோதனையும் நடக்கலாம். துண்டிக்கப்பட்டது இடைக்கட்டம் மட்டுமே. முதலாளிகள் மலிந்த இங்கிலாந்தில் அந்த இடத்தைத் தனியார் நிரப்பினர். முதலீடு ஏற்றுமதி வாணிகத்தையே நாடிய சென்னையில் அதனை நிரப்ப முன்வந்தோர் மிகச் சிலரே. ஆயினும் குரோம் பதனிடல் இங்கு அழிந்துவிடவில்லை. பல்லாவரத்தை அடுத்து ஜார்ஜ் சேம்பர்ஸ் நிறுவிய குரோம் லெதர் கம்பெனியின் நினைவாகவே குரோம்பேட்டை அப்பெயர் பெற்றது.

மைசூரில் மாறிய சூழல்

1912-இல் சாட்டர்டன் மைசூர் அரசின் பணிக்குச் சென்றார். அவ்வாண்டே விசுவேசுவரய்யா திவானானார். பெங்களூரில் இந்திய அறிவியல் கழகம் 1911-இல்தான் மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கியிருந்தது. மைசூர்ச் சந்தனம் அரசின் தனியுரிமை. ஏலத்தில் விலைபோன கட்டைகளில் பெரும்பகுதி ஜெர்மனிக்குச் சென்று எண்ணெயாயிற்று. 1914-இல் போர் மூண்டதும் அவ்வழி அடைபட்டுக் கட்டைகள் தேங்கின.

கழகத்தின் வேதியியல் பேராசிரியர்களான சட்பரோவும் வாட்சனும் எண்ணெய் வடிக்கும் முறையை ஆராய்ந்தனர். சந்தனத்தின் வைரக்கட்டையைத் தூளாக்கி நீராவியால் நெடுநேரம் வடிக்க வேண்டும். மருந்துக்கு ஏற்ற தரம் பெறச் சாண்டலால் என்னும் கூறு உரிய அளவில் அமைய வேண்டும். 1916-இல் பெங்களூரிலும் 1917-இல் மைசூரிலும் எண்ணெய்த் தொழிற்சாலைகள் எழுந்தன. மைசூர் சாண்டல் சோப்பு இவ்வெண்ணெயின் வழிவந்தது.

சென்னையில் குலைந்தது இங்கு விரைந்து கைகூடியதற்கு ஆய்வாளர்களின் திறமையை மட்டும் காரணம் காட்டுதல் பொருந்தாது. மூலப்பொருளும் முதலீடும் ஒரே அரசின் கையில் இருந்தன. தேங்கிய சரக்கு அவ்வரசின் கருவூலத்தையே வருத்தியது. குறுக்கிடத் தனியார் போட்டியாளர் எவரும் உள்நாட்டில் இல்லை. மார்லியின் ஆணை சமஸ்தானத்தைக் கட்டுப்படுத்தவுமில்லை. இடைக்கட்டத்தின் இழப்பை ஏற்க ஒருவர் இருந்தார்.

1916-இல் அமைந்த இந்தியத் தொழில் ஆணையத்தில் சாட்டர்டனும் ஓர் உறுப்பினர். தாமஸ் ஹாலந்து தலைமையிலான அவ்வாணையம், தொழில் வளர்ச்சியில் அரசு நேரடிப் பங்கேற்க வேண்டும் என்று 1918-இல் பரிந்துரைத்தது. மதன்மோகன் மாளவியாவின் மாற்றுக் கருத்துரையும் அவ்வறிக்கையில் உண்டு. விடுதலைக்குப்பின் 1948-இல் சென்னை அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அழகப்பச் செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரியை அடுத்து அமைந்த அந்நிலையத்தின் வளாகத்துக்குள்ளேயே, அரசுச் செலவில், மாதிரிப் பதனிடுசாலை ஒன்றும் இடம்பெற்றது.