இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை: முன்பக்கமா, பின்பக்கமா? காலின் அசைவை முடிவு செய்வது எது?

"ஆபரேஷன் முடிஞ்சா தரையில உட்கார முடியுமா?" இடுப்பு மூட்டை மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் நம்ம ஊர்க்காரர்கள் கேட்கும் கேள்வி இது. இப்போது அதோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: முன்பக்கமாகத் திறந்து செய்வது நல்லதா, பின்பக்கமாகவா? தசையை வெட்டாமல் செய்கிறோம், மறுநாளே நடக்கலாம் என்று விளம்பரங்கள் வேறு வருகின்றன. இதில் எவ்வளவு உண்மை?

தூத்துக்குடி கடற்கரையில் ஏன் இந்தப் பேச்சு?

இடுப்பு மூட்டு என்பது கிண்ணத்துக்குள் சுழலும் ஒரு பந்து. தொடை எலும்பின் தலைதான் அந்தப் பந்து. அதற்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் மிக மெல்லியவை. அவை அடைபட்டால் எலும்பு செத்து, பந்து நொறுங்கிவிடும். இந்தியாவில் இளம் வயதிலேயே இடுப்பு மூட்டை மாற்றிக்கொள்ளும் பலருக்கு இதுதான் காரணம். மதுப்பழக்கம், நீண்ட நாள் ஸ்டீராய்டு, விபத்தில் தொடை எலும்பின் கழுத்து முறிவது ஆகியவை இதைக் கொண்டுவரும்.

கடலில் மூழ்குகிறவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. தூத்துக்குடியில் 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பு நடக்கவில்லை. அந்தக் காலத்தில் மூச்சை அடக்கித்தான் மூழ்கினார்கள். இன்று சங்கு எடுக்கப் போகிறவர்கள் படகில் கம்ப்ரசரை ஓடவிட்டு, டியூப் வழியாகக் காற்றை வாங்கிக்கொண்டு கடலடியில் நெடுநேரம் இருக்கிறார்கள். அழுத்தத்தில் நைட்ரஜன் ரத்தத்தில் கரையும். வேகமாக மேலே வந்தால் அது குமிழியாகி, எலும்புக்குப் போகும் குழாயை அடைக்கலாம். இடுப்பும் தோள்பட்டையும்தான் இதில் அதிகம் அடிபடுகின்றன. ஆரம்பத்தில் வலியே இருக்காது என்பதுதான் மோசம்.

மூன்று வழிகள்

பழைய பந்தை எடுத்துவிட்டுச் செயற்கைப் பந்தும் கிண்ணமும் வைக்க, பின்பக்கம், பக்கவாட்டு, முன்பக்கம் என மூன்று வழிகளில் உள்ளே போகலாம்.

உலகெங்கும் அதிகம் நடப்பது பின்பக்க வழி. பிட்டத் தசையை விலக்கி, தொடையை வெளிப்பக்கம் திருப்பும் சிறு தசைகளை அறுத்துப் போவார்கள். நடைக்கு முக்கியமான பக்கத் தசை தப்பித்துவிடும். ஆனால் பின்சுவர் பலவீனமாவதால், இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கிக் காலை உள்பக்கம் திருப்பினால் பந்து பின்பக்கமாக நழுவலாம். அறுத்த தசையையும் மூட்டு உறையையும் திரும்பத் தைத்துவிட்டால் இந்த ஆபத்து நன்றாகக் குறைகிறது. ஆகவே "தைப்பீர்களா டாக்டர்?" என்று தாராளமாகக் கேட்கலாம்.

பக்கவாட்டு வழியில் நழுவல் குறைவு. பக்கத் தசையில் கை வைப்பதால் சிலருக்கு நடையில் சாய்வு தங்கிவிடுகிறது.

முன்பக்க வழியில் தசைகளுக்கு நடுவே புகுந்து போகிறார்கள். முதல் சில வாரங்களில் வலி குறைவு, நடையும் சீக்கிரம் வரும். இந்த அளவுக்கு விளம்பரம் உண்மை. தொடையின் வெளிப்பக்கம் மரத்துப்போவது இதில் வரக்கூடிய தொல்லை. காலைப் பின்னுக்கு நீட்டி வெளிப்பக்கம் திருப்பினால் முன்பக்கமாக நழுவலாம். செய்பவருக்குக் கைப்பழக்கமும் நிறைய வேண்டும்.

ஒரு வருடம் கழித்து?

சில மாதங்களிலிருந்து ஒரு வருடத்துக்குள் மூன்று வழிகளுக்கும் இடையிலான வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. கடைசியில் கால் எவ்வளவு மடங்கும் என்பதை முடிவு செய்பவை வேறு: ஆபரேஷனுக்கு முன் மூட்டு எவ்வளவு இறுகியிருந்தது, கிண்ணம் எந்தச் சாய்வில் பொருந்தியது, பந்து எவ்வளவு பெரியது. இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி 1962-ல் வைத்த பந்து சுமார் 22 மில்லிமீட்டர்தான். இன்று 32, 36 மில்லிமீட்டர் சாதாரணம். பந்து பெரிதானால் விளிம்பில் இடிக்காமல் அதிகம் சுழலும், நழுவுவதும் கடினம்.

சரி, தரையில் உட்காரலாமா? சம்மணம் போடும்போது தொடை வெளிப்பக்கம் விரிகிறது. பின்பக்க வழியில் செய்தவர்களுக்கு ஆபத்தான திசை அதற்கு நேர் எதிர். நாற்காலியில் கால் மேல் கால் போடுவதுதான் அவர்களுக்கு அதிக ஆபத்து! ஆனால் தரையில் இறங்கும்போதும் எழும்போதும் இடுப்பு ஆழமாக மடங்கி உள்பக்கம் திரும்பிவிடலாம். அதனால் முதல் 6 முதல் 12 வாரங்களுக்குத் தரை, தாழ்வான கட்டில், இந்திய முறைக் கழிப்பறை எதுவும் வேண்டாம் என்பார்கள். அதன் பிறகு உங்கள் டாக்டர் சொன்னால் மட்டும். வல்லத்தில் கால் தூக்கி ஏறுவதற்கும் இதே கணக்குதான்.

கம்ப்ரசர் வைத்து மூழ்கியதால் ஒரு பக்க எலும்பு போனவர் மறுபடி அப்படி மூழ்கினால், மறுபக்க இடுப்புக்கும் தோள்பட்டைக்கும் அதே கதி வரலாம். அவர்கள் அந்த இடங்களையும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் பார்த்துவிடுவது நல்லது. செலவைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையுடன் தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எலும்பு சிகிச்சைப் பிரிவில் முதலில் விசாரிக்கலாம்.