அறுவை மன்னர்கள்

மொக்கையாக ஜோக்கடித்துக் கழுத்தை அறுப்பவனைக் கல்லூரி கேன்டீனில் "அறுவை" என்பார்கள். கொஞ்சம் முற்றினால் "பிளேடு". ரொம்ப முற்றிவிட்டால் "ரம்பம்"! ஆனால் நிஜ ரம்பத்தில் நிஜ பிளேடு மாட்டி, மரப்பலகையை அறுத்து, அந்த அறுப்பிலேயே வாடிக்கையாளரைக் கிண்டலடித்துப் பிழைத்தவர்களும் உண்டு. மர ஜிக்சா புதிர் செய்தவர்களைத்தான் சொல்வது.

ஆரம்பத்தில் இதில் சிரிப்புக்கே இடமில்லை. 1760களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்ற வரைபடச் செதுக்குநர், வரைபடங்களை மெல்லிய மரப்பலகையில் ஒட்டி, நாடுகளின் எல்லைக்கோடு வழியாகக் கைரம்பத்தால் அறுத்து விற்றார். பணக்கார வீட்டுப் பிள்ளைகள் பூகோளம் படிக்கத்தான் அது. துண்டுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளாது. பக்கத்தில் ஒருவர் தும்மினால் ஐரோப்பா கலைந்துவிடும்.

ஜிக்சா என்ற பெயரே பின்னால் வந்த ஒரு ரம்பத்தின் பெயர்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காலால் மிதித்து ஓட்டும் ரம்பங்கள் பரவலாயின. மிதி, மேலும் கீழும் குத்தும் ஊசி என்று நம் ஊர் தையல் மெஷினை நினைத்துக்கொள்ளுங்கள். ஊசிக்குப் பதில் நூல் மாதிரி மெல்லிய பிளேடு. பிளேடு நின்ற இடத்திலேயே ஏறி இறங்கும். அறுப்பவர் இரண்டு கையாலும் பலகையைத் திருப்பிக்கொண்டே போக வேண்டும். கூடவே பிளைவுட்டும் வந்து சேர்ந்தது. இனி எந்த வளைவையும் வெட்டலாம். வளைவு வந்ததும் குறும்பும் வந்தது.

1908ல் அமெரிக்காவில் பெரியவர்களுக்கே இந்தப் பைத்தியம் பிடித்தது. 500 துண்டுப் புதிர் ஒன்றின் விலை 5 டாலர்; ஒரு சராசரித் தொழிலாளியின் மாதச் சம்பளமோ 50 டாலர். 1909ல் பார்க்கர் பிரதர்ஸ் கம்பெனி மற்ற விளையாட்டுகளை நிறுத்திவிட்டுத் தொழிற்சாலை முழுவதையும் புதிருக்கே ஒதுக்கியது. அங்கே ரம்பத்தில் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். நாய், பறவை, எழுத்து என்று அடையாளம் தெரிகிற உருவங்களாகவே சில துண்டுகளை வெட்டினார்கள். கடலோரப் படத்தின் நடுவில் திடீரென்று ஒரு நாய் கிடைத்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

பிறகு வந்தது பெருமந்தம். 1933ல் அமெரிக்கத் தொழிலாளர்களில் சுமார் நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. விசித்திரம் என்னவென்றால் புதிர் மோகம் உச்சத்துக்குப் போனதும் அதே வருடம்தான்: பிப்ரவரியில் வாரத்துக்கு ஒரு கோடிப் புதிர்கள்! ஆனால் அவற்றில் பெரும்பாலானவை அட்டைப் புதிர்கள். இரும்புப் பட்டைகளை வளைத்து ஒரு அச்சு செய்துவிட்டால் போதும், ஒரே அமுக்கில் முழுப் புதிரும் வெட்டுப்படும். 25 சென்ட்டுக்குப் பத்திரிகைக் கடையிலேயே வாங்கலாம். (அச்சின் செலவை லட்சம் பெட்டிக்குப் பங்கிட்டால் ஒரு பெட்டிக்கு என்ன ஆகும் என்பதை பி.காம். மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.) வேலை இழந்த தச்சர்கள் பலர் வீட்டிலேயே மரப்புதிர் அறுத்து விற்றும், கடைகள் மூலம் வாடகைக்கு விட்டும் வயிற்றைக் கழுவினார்கள். விலையில் அட்டையோடு மோத அவர்களால் முடியாது.

1932ல் நியூயார்க்கில் வேலையில்லாத இரண்டு இளைஞர்கள், ஃபிராங்க் வேரும் ஜான் ஹென்ரிக்ஸும், சாப்பாட்டு மேஜையில் முதல் புதிரை அறுத்தார்கள். பிறகு 'பார்' என்ற பெயரில் தொழில் நடத்தினார்கள். ஊரே மலிவு விலைக்கு ஓடும்போது இவர்கள் எதிர்த்திசையில் போனார்கள். ஆளைப் பார்த்து அறுத்தார்கள். வாங்குபவரின் பெயரே துண்டாக ஒளிந்திருக்கும். பெட்டியில் படம் கிடையாது; தலைப்பு மட்டும், அதுவும் வேண்டுமென்றே திசைதிருப்பும் தலைப்பு. எல்லோரும் முதலில் ஓரத்துண்டுகளைத்தானே தேடுவார்கள்? ஓரத்தையே கோணல்மாணலாக வெட்டிவிட்டார்கள். வானம் முடிந்து மலை தொடங்கும் கோட்டிலேயே ரம்பத்தை ஓட்டினார்கள். பிறகு எந்தத் துண்டு எதோடு சேரும் என்று நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்கவே முடியாது. இதெல்லாம் போதாதென்று, இத்தனை நேரத்தில் முடிக்க வேண்டும் என்று ஒரு கெடுவும் உண்டு. அதற்குள் முடிப்பது லேசில்லை என்பது வெட்டியவர்களுக்குத் தெரியும். அவமானப்படுவதற்குக் காசு கொடுத்தவர்கள் பெரும் பணக்காரர்கள்!

அச்சு இயந்திரத்தால் இதைச் செய்ய முடியாது. அது லட்சம் பேருக்கும் ஒரே வெட்டைத்தான் வெட்டும். யாரைக் கிண்டல் செய்கிறோம் என்று அதற்குத் தெரியாது.

1974ல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஸ்டீவ் ரிச்சர்ட்ஸனும் டேவ் டிபெட்ஸும் தங்கள் பெயர்களை ஒட்டி 'ஸ்டேவ்' என்று ஒரு கம்பெனி தொடங்கினார்கள். பார் விட்டுப்போன வாடிக்கையாளர்களோடு அதன் வில்லத்தனமும் இவர்களிடம் வந்தது. ஒரே துண்டு பல இடங்களில் பொருந்தும். ஆனால் சரியான இடம் ஒன்றுதான். ரிச்சர்ட்ஸன் தனக்கு வைத்துக்கொண்ட பதவிப் பெயர் 'தலைமைச் சித்திரவதைக்காரர்'. 1989 ஏப்ரல் முட்டாள் தினத்துக்கு அவர் 'ஐந்து சுலபத் துண்டுகள்' என்று ஒரு புதிர் விட்டார். ஐந்தே துண்டுதான். வாங்கியவர்கள் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தார்கள், பொருந்தவில்லை. அது பொருந்தாதபடிதான் வெட்டப்பட்டிருந்தது. கடைசியில் குட்டை உடைத்துவிட்டு, பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்.