கூகுள் தட்டாத மெனு

2010இல் நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து கிள்ளானிலிருந்து ஓர் இணைய இதழ் நடத்தினோம். மூன்றாவது மாதம் ஒரு தம்பி அழைத்தார். "அண்ணே, என் கதைய கூகுள்ல தேடுனா வரவே மாட்டேங்குது. உண்மையிலேயே போட்டீங்களா?"

போட்டிருந்தோம். மெனுவைத் தட்டினால் கதை திறக்கும். ஆனால் அந்த மெனு முழுக்க ஜாவாஸ்கிரிப்ட். செய்து கொடுத்தவரிடம் கேட்டேன். "பாக்க அழகா இருக்குல்ல?" என்றார்.

ஜாவாஸ்கிரிப்ட் 1995இல் நெட்ஸ்கேப் உலாவிக்காகப் பிரெண்டன் ஐக் உருவாக்கிய மொழி. முதல் வடிவம் பத்தே நாளில் தயாரானது. 1998இல் தொடங்கிய கூகுளோ சுட்டிகளை நம்பி வளர்ந்த நிறுவனம். எந்தப் பக்கத்தை எந்தெந்தப் பக்கங்கள் சுட்டுகின்றன என்பதுதான் அதன் பேஜ்ரேங்க் கணக்கே. ஆனால் அதன் ரோபோ அன்று பக்கத்தின் எச்டிஎம்எல்லை வாசித்ததோடு சரி, உள்ளிருக்கும் நிரலை உலாவிபோல் இயக்கிப் பார்க்காது. சமையல் குறிப்பைப் படிக்கும், சமைக்காது. நிரல் ஓடிய பிறகே பிறக்கும் சுட்டி அதன் கணக்கில் வராது.

2009இல் கூகுளே ஒரு குறுக்குவழி சொன்னது. முகவரியில் ஹேஷ் குறியோடு ஓர் ஆச்சரியக்குறியைச் சேர்த்துவிட்டால், ரோபோவுக்கென்று தனியாகச் சமைத்த பக்கத்தை சர்வர் கொடுக்கலாம். ட்விட்டர்கூட 2010இல் அத்தகைய முகவரிகளுக்கு மாறி, 2012இல் கைகழுவியது. 2015இல் கூகுளும் இனி வேண்டாம் என்றது. சொன்னதை நம்பிக் குட்டிக்கரணம் போட்டவர்கள்தான் பாவம்.

நிரலை இயக்கியே பக்கத்தைப் பார்ப்பதாகக் கூகுள் 2014இல் அறிவித்தது. ஆனாலும் 2019 மே மாதம்தான் ரோபோ புதிய குரோமுக்கு மாறியது, அதுவரை 2015இன் குரோம் 41தான். இன்றும் நிபந்தனை உண்டு. சுட்டியை நிரலே உருவாக்கலாம், ஆனால் வழக்கமான சுட்டிக் குறிக்குள் 'எச்ரெஃப்' என்ற இடத்தில் முகவரி இருக்க வேண்டும். ரோபோ எதையும் தட்டிப் பார்க்காது. எங்கள் முகவரிகளோ தட்டினால் மட்டுமே பிறப்பவை.

இதழ் 2013இல் நின்றது. போன மாதம் வேபேக் மெஷினில் தேடினேன். முகப்பு இருக்கிறது. மெனுகூட விரிகிறது, தம்பியின் பெயரும் தெரிகிறது. தட்டினால் அப்படியொரு பக்கம் சேமிப்பில் இல்லை என்கிறது.

அவரை அழைத்துக் கதையின் பிரதி இருக்கிறதா என்று கேட்டேன்.

"உங்ககிட்ட இருக்கும்னுதான் நெனச்சேன்ணே."