ஒலிப்பதிவுக்கும் ஓர் அடையாள இலக்கம்

சண்டிலிப்பாய் சீரணி நாகபூசணி அம்பாள் ஆலயத்தில் திருவிழாக்கால நாதஸ்வரக் கச்சேரி ஒன்று ஒலிப்பதிவு செய்யப்படுவதாக வைத்துக்கொள்வோம். அது இறுவட்டாகிறது, பின்னர் இணையத்தில் ஏறுகிறது, கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் வாழும் எம்மவர் கேட்கின்றனர். கை மாறக் கை மாறப் பெயரும் மாறி, இறுதியில் 'அம்மன் கோயில் மேளம் 3' என்பதே எஞ்சுகிறது. நாதஸ்வரம் யார், தவில் யார் என்பதை அறிவார் இல்லை. கேட்போர் தொகைக்கேற்பக் கிடைக்கும் வருமானமும் உரியவரைச் சென்றடைவதில்லை.

இந்நிலையைத் தவிர்க்கவே சர்வதேச நியம ஒலிப்பதிவுக் குறியீடு, அதாவது ஐ.எஸ்.ஆர்.சி., உருவாக்கப்பட்டது. 1986 ஆம் ஆண்டு ஐ.எஸ்.ஓ. 3901 என்னும் நியமமாக வெளியான இதனை, சர்வதேச ஒலிப்பதிவுத் தொழிற்றுறைச் சம்மேளனம் நிர்வகிக்கின்றது. குறியீடு 12 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்டது. முதல் ஐந்தும் குறியீட்டை வழங்கியவருக்குரிய முன்னொட்டு. அடுத்த இரண்டும் ஆண்டு. இறுதி ஐந்தும் வரிசை இலக்கம். ஆகவே ஒரு முன்னொட்டின் கீழ் ஓராண்டில் 1 இலட்சம் பதிவுகளுக்கு இடமுண்டு.

இக்குறியீடு பாடலுக்கு உரியதன்று, பதிவுக்கு உரியது. ஒரே கீர்த்தனையை இரு வித்துவான்கள் வாசித்தால் குறியீடுகள் இரண்டு. ஒருவரே மறுபடி வாசித்துப் பதிந்தாலும் புதிய குறியீடே வேண்டும். பதிவின் உரிமை கைமாறினால் மட்டும் குறியீடு மாறாது. பாடலாக்கத்துக்கு வேறொரு குறியீடு உண்டு, அது ஐ.எஸ்.டபிள்யூ.சி. எனப்படும்.

ஆண்டைக் குறிக்கும் இலக்கங்கள் பலரை ஏமாற்றிவிடுகின்றன. அவை குறியீடு வழங்கிய ஆண்டையே காட்டும். தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி மறைந்தது 1975 இல். அவரது பழைய பதிவொன்றுக்கு 2024 இல் குறியீடு பெற்றிருந்தால் அதில் 24 என்றே இருக்கும். வாசித்த காலத்தைத் தனியே எழுதி வைக்காவிடின் வரலாறு குழம்பிவிடும். நாட்டின் நிலையும் இதுவே. அமெரிக்க விநியோக நிறுவனமொன்றின் மூலம் ஏற்றப்படும் சண்டிலிப்பாய்ப் பதிவு, 'கியூ', 'இசட்' என்னும் எழுத்துகளுடன் தொடங்கக்கூடும். அதைக் கண்டு, பதிவு அமெரிக்காவுக்குச் சொந்தமாகிவிட்டதென எவரும் அஞ்சவேண்டியதில்லை.

ஏனெனில் இக்குறியீடு உரிமைப் பத்திரமன்று. ஆற்றுகையாளருக்கும் ஒலிப்பதிவுத் தயாரிப்பாளருக்கும் உரிய உரிமைகள், இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்திலிருந்து வருவன. குறியீட்டோடு சேர்த்துப் பதியப்படும் விபரங்களே கலைஞருக்குப் பயன் தருவன. அங்கேதான் எம்மவர் அசட்டையாக இருக்கின்றனர். பாடகரின் பெயரைப் பதிவோர் பக்கவாத்தியக்காரரை மறந்துவிடுகின்றனர். தவிலுக்குப் பேர்போன மண்ணில் தவில்காரருக்கே இந்த நிலை!

இறுவட்டு வெளியிடும் ஆலய பரிபாலன சபைகளும் இளைஞர் மன்றங்களும் விநியோக நிறுவனத்திடமிருந்து குறியீட்டைக் கேட்டுப் பெற்று, கலைஞர் அனைவரின் பெயர், பதிந்த திகதி, இடம் ஆகியவற்றுடன் ஒரு கொப்பியில் எழுதி வைத்தல் வேண்டும். பின்னாளில் வேறு நிறுவனத்துக்கு மாற நேர்ந்தால் அதே பழைய குறியீட்டையே கொடுக்க வேண்டும். புதிதாக ஒன்றைப் பெற்றால் ஒரே பதிவு இரண்டாகக் கணக்கிடப்பட்டு, அதுவரை கேட்டோரின் தொகை பழையதுடனேயே நின்றுவிடும்.