பாவலர் சகோதரர்கள்: ஏலமலை அடிவாரத்து மேடைப் பாட்டின் வரலாறு

போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் வழியாகத் தெற்கே செல்லும் சாலை, ஏலமலைத் தொடரை வலப்புறம் கொண்டே பண்ணைப்புரத்தை அடைகிறது. மலைமேல் ஏலமும் தேயிலையும் விளைகின்றன. அவற்றுக்கு உழைக்கும் மக்களுள் பெரும்பாலோர் அடிவாரத்து ஊர்களிலிருந்து சென்றோர். அவர்களோடு தமிழ்ப் பாட்டும் மலையேறியது. அப்பாட்டின் வரலாற்றில் முதலிடம் பெறத்தக்கது, பண்ணைப்புரத்தில் தோன்றிய ‘பாவலர் சகோதரர்கள்’ இசைக்குழு.

குழுவின் தலைவர் பாவலர் வரதராசன். பொதுவுடைமை இயக்கத்தைச் சார்ந்த அவர், தாமே பாட்டெழுதித் தாமே பாடியவர். தம்பியர் பாஸ்கர், இராசையா, அமர்சிங் ஆகியோர் ஒருவர் பின் ஒருவராக அவரோடு இணைந்தனர். 1943இல் பிறந்த இராசையாவே பின்னாளில் இளையராஜா எனவும், அமர்சிங் கங்கை அமரன் எனவும் புகழ் பெற்றனர். சிறுவனாக மேடையேறிய இராசையா பெண்குரலில் பாடியதும், குரல் உடைந்த பின் அவ்விடத்தை இளையவர் ஏற்றதும் அச்சகோதரர்களே நினைவுகூர்ந்துள்ள செய்திகள்.

இக்குழுவின் ஆற்றலை நாடறியச் செய்தது தேவிகுளம் இடைத்தேர்தல். 1956 நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தமிழர் மிகுந்து வாழ்ந்த தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தோடு சேர்ந்தன. 1957இல் அங்கு ஈ. எம். எஸ். நம்பூதிரிப்பாடு தலைமையில் பொதுவுடைமைக் கட்சி ஆட்சி அமைத்தது. தேவிகுளத்தில் வென்ற ரோசம்மா புன்னூஸின் தேர்தல் செல்லாதென அறிவிக்கப்படவே, 1958இல் இடைத்தேர்தல் வந்தது. ஆட்சிக்குச் சட்டமன்றத்தில் இருந்த பெரும்பான்மையோ மிகச் சிறிது. எனவே ஒரு தொகுதியும் பொருட்படுத்தத்தக்கதாயிற்று.

வாக்காளருள் பெருந்தொகையினர் தோட்டத்துத் தமிழர். மலையாளச் சொற்பொழிவு அவர்கள் நெஞ்சைத் தொடுதல் அரிது. ஆதலின் மலையடிவாரத்திலிருந்து பாவலர் அழைக்கப்பட்டார். தேயிலைத் தோட்டங்களிலும் தொழிலாளர் குடியிருப்புகளிலும் அவர் பாட்டு ஒலித்தது. காங்கிரசின் அந்நாளைய சின்னமாகிய இரட்டைக்காளையை எள்ளி அவர் இயற்றிய பாட்டு, கேட்டோர் வாயெல்லாம் பரவிற்று. ரோசம்மா புன்னூஸ் மீண்டும் வென்றார். அவ்வெற்றியில் பாவலரின் பாட்டுக்குப் பெரும்பங்கு உண்டென நம்பூதிரிப்பாடு பாராட்டினார் என்பது இன்றும் வழங்கிவரும் செய்தி.

அப்பாட்டுகள் பரவியமைக்குக் காரணம் அவற்றின் ஆக்கமுறையே. மக்கள் முன்பே அறிந்த திரைப்பாடல் மெட்டையும் நாட்டுப்புற மெட்டையும் எடுத்து, அதில் புதிய பொருளை அமைப்பது பாவலரின் வழக்கம். மெட்டைக் கற்பிக்க வேண்டுவதில்லை. சொல் மட்டுமே புதிது. முதல் அடியைக் கேட்டவுடன் கூட்டம் இரண்டாம் அடிக்குக் காத்திருக்கும். பழகிய மெட்டில் எதிர்பாராத சொல் வந்து விழும்போது எள்ளல் கூர்மை பெறும். கும்மியையும் சிந்தையும் கிளிக்கண்ணியையும் நாட்டு விடுதலைக்குப் பயன்படுத்திய பாரதியின் நெறியே இது. சந்தம் சிறிது பிசகினும் கூட்டம் உடனே உணர்ந்துவிடும். ஆதலின் இஃது எளிய கலையன்று.

ஈண்டு ஓர் ஒப்புமை கருதத்தக்கது. தேவிகுளம் இடைத்தேர்தல் நடந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1962 சூலை 12ஆம் நாள், இலண்டன் மாநகரில் ரோலிங் ஸ்டோன்ஸ் என்னும் ராக் இசைக்குழு முதன்முதலாக மேடையேறியது. தொடக்கத்தில் அவர்களும் பிறர் இசையையே கைக்கொண்டனர். அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் பாடல்களைப் பாடியே பெயர் பெற்றனர். ஆயின் மறு ஆண்டிலேயே அவர்களின் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. அறுபது ஆண்டுகளைக் கடந்து, 2023இலும் அக்குழு புதிய பாடல் தொகுப்பை வெளியிட்டது. அதன் தொடக்கக் காலக் குரலை இன்றும் எவரும் கேட்கலாம். பாவலர் குழுவுக்கு அவ்வாய்ப்பு வாய்க்கவில்லை. ஒலிபெருக்கி இருந்தது, ஒலிப்பதிவு இல்லை. பாடிய பாட்டு பெரும்பாலும் அன்றைய இரவோடு காற்றில் கலந்தது.

1960களின் இறுதியில் தம்பியர் சென்னையை நாடினர். அங்கு இளையராஜா தன்ராஜ் மாஸ்டரிடம் மேலையிசை பயின்றார். வரதராசன் 1973இல் மறைந்தார். மூன்றே ஆண்டுகளில், 1976இல், ‘அன்னக்கிளி’ வெளிவந்தது. மலையடிவாரத்தின் மெட்டு திரை வழியே தமிழகமெங்கும் பரவியதைத் தமையன் கேட்கவில்லை. 2025 மார்ச்சு 8ஆம் நாள் இலண்டனில் இளையராஜாவின் ‘வேலியண்ட்’ சிம்பொனி அரங்கேறியபோது, ஆர்மோனியத்தோடு தோட்டந்தோறும் ஏறியிறங்கிய ஒரு சிறுவனின் பயணம் உலக அரங்கை எட்டியது.

இவ்வரலாற்றில் இசை வாழ்ந்தது. அதைச் சுமந்து சென்ற சொல்லோ பின்தங்கிவிட்டது. தம்பியை உலகம் அறியும். தமையனின் பாட்டை அறிந்தோர் சிலரே. கூலி, பசி, தேர்தல் என அன்றாடச் செய்திகளைப் பாடிய பாட்டுக்கு ஏட்டில் இடம் தருவதில் புலமையுலகம் தயங்கியதும் இதற்கு ஒரு காரணம். பயன் முடிந்தவுடன் பாட்டும் முடிந்தது எனக் கருதிவிட்டனர். பாணர் பாடியவையும் அவ்வவ்வேளைக்கு உரியனவே. அவற்றைத் தொகுக்க ஒருவர் முன்வந்தமையாலன்றோ புறநானூறு நமக்குக் கிட்டியது!

1958இல் இருபது அகவை இளைஞராய்த் தேவிகுளத்து மேடையைக் கண்டோர் இன்று தொண்ணூறை நெருங்குகின்றனர். போடியிலும் தேவாரத்திலும் கோம்பையிலும், மலைமேல் தோட்டத்துக் குடியிருப்புகளிலும், ஓரடியேனும் ஈரடியேனும் அவர்கள் நினைவில் தங்கியிருத்தல் கூடும். அவ்வடிகளைக் கேட்டு எழுதிவைத்தல் பாட்டெழுதுவோர் அனைவர்க்கும் உரிய கடன். பாவலர் என்னும் பெயருக்கு அதனினும் தக்க சிறப்பு வேறில்லை.