திண்ணையில் கற்ற கணக்கு

திண்ணைப் பள்ளிக்கூடத்தைப் பற்றி நம்மிடம் இரண்டு கதைகள் உண்டு. ஒன்று, வெள்ளைக்கார அதிகாரிகளும் மிஷனரிகளும் சொன்னது: பொருள் தெரியாத மனப்பாடம், பிரம்படி, வேறொன்றுமில்லை. மற்றது, தரம்பாலின் 'அழகிய மரம்' 1983இல் வெளிவந்தபின் பெருமையோடு திரும்பத் திரும்பச் சொல்லப்படுவது: வெள்ளையன் வந்து சாய்த்துவிட்ட மரம். வசையோ பெருமையோ, இரண்டும் ஒரு கேள்வியைத் தாண்டிப் போய்விடுகின்றன. அங்கே பிள்ளைகள் என்னதான் படித்தார்கள், அந்தப் படிப்பு யார் கையில் எதைக் கொடுத்தது?

மணலில் விரலால் எழுதிப் பழகி, பிறகு ஓலைக்குப் போனார்கள். ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் உண்டு. ஆனால் படிப்பின் முதுகெலும்பு கணக்குதான். பொன்னிலக்கத்தில் கால், அரைக்கால், மாகாணி, மா, காணி என்று இறங்கி முந்திரிவரை, அதாவது 320இல் ஒரு பங்குவரை, வரும். நெல்லிலக்கத்தில் ஆழாக்கு, உழக்கு, உரி, நாழி, குறுணி, பதக்கு, தூணி, கலம் என்று ஏறும். எண்சுவடி வாய்ப்பாடு, குழிமாற்று நிலக்கணக்கு. சட்டாம்பிள்ளை முன்னால் சொல்ல, மற்ற பையன்கள் கூடவே கத்துவார்கள்.

மனப்பாடம்தான், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் களத்துமேட்டில் நின்றபடி வாரத்தையும் வட்டியையும் வாயாலேயே சொல்ல ஆள் வேண்டியிருந்தது. நினைவையே கருவியாக்கும் படிப்பு அது என்பதைச் செந்தில் பாபுவின் ஆய்வுகள் நன்றாகவே காட்டியிருக்கின்றன. ஊரின் உற்பத்தியும் பங்கீடும் ஓடுவதற்கு என்ன கணக்கு தேவையோ, அதுவே பாடத்திட்டம்.

அப்படியானால் அந்தக் கணக்கு யாருக்கு? தாமஸ் மன்றோ 1822இல் கலெக்டர்களிடம் கேட்டுப் பெற்ற விவரங்களின்படி, சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். சராசரியாகப் பள்ளிக்குப் பதினைந்து பேர். பெண் பிள்ளைகள் 4,540 பேர் மட்டுமே. தமிழ் மாவட்டங்களில் சூத்திரப் பிள்ளைகளே பெரும்பான்மை என்று தரம்பால் சுட்டியது உண்மை. ஆனால் 'சூத்திரர்' என்ற கட்டத்துக்குள் நிலம் வைத்திருந்த சாதிகள் எல்லாம் அடங்கிவிடுகின்றன. 'மற்ற எல்லாச் சாதியினர்' என்று இன்னொரு கட்டம் இருக்கிறது. சேரிப் பிள்ளை அதற்குள் இருந்ததா, அந்தத் தலைப்பே அதை மறைத்ததா? தலைகளை எண்ணிப் பெருமைப்படுகிறவர்கள் இந்தக் கட்டத்தின் முன் சற்று நிற்க வேண்டும்.

ஏனென்றால் கூலியும் நெல்லாகவே அளக்கப்பட்டது. முந்திரிவரை கணக்குத் தெரிந்தவன் மரக்காலைப் பிடிக்க, தெரியாதவன் துண்டை விரித்து வாங்கிக்கொண்டான். 1940களில் தஞ்சைப் பண்ணையாட்கள் சங்கமாகத் திரண்டபோது, சாட்டையடியும் சாணிப்பாலும் ஒழிய வேண்டும் என்பதோடு கள்ள மரக்கால் கூடாது என்றும் கேட்டார்கள். பள்ளிக்கூடத்துக்குள் விடப்படாதவர்கள் நெல்லிலக்கத்தின் மீது தொடுத்த விமர்சனம் என்றே அதை நான் வாசிக்கிறேன்.

'வாழ்க்கையோடு ஒட்டிய கல்வி' என்ற வாதத்தையும் இங்கே வைத்துத்தான் பார்க்க வேண்டும். 1953இல் ராஜாஜி கிராமப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரம் பிள்ளைகள் தகப்பன் தொழிலைக் கற்கட்டும் என்றபோது பேசப்பட்டதும் இதே மொழிதான். பெரியார் அதற்குக் குலக்கல்வி என்று பேர் வைத்தார். 1954இல் காமராஜர் அதைக் கைவிட்டார். வாழ்க்கையே சாதியாக அடுக்கப்பட்டிருக்கையில், அதோடு ஒட்டிய கல்வி சாதியோடும் ஒட்டாமல் எங்கே போகும்?

திண்ணைக் கணக்கைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. சுவடிகள் அச்சாகட்டும், ஆராயப்படட்டும். கூடவே, களத்தில் துண்டு விரித்தவர்கள் தங்களுக்குள் வைத்திருந்த கணக்கையும் தேடுவோம்: எத்தனை பிடி, எத்தனை நாள், எவ்வளவு குறைந்தது என்ற கணக்கை. அது ஓலையில் ஏறவில்லை. இயக்கத்துக்காரர்களின் நினைவிலும் கிழவிகளின் பேச்சிலும் மிஞ்சியிருப்பதை இப்போதே எழுதி வைத்தால்தான் உண்டு.